மலை ஏறி வந்த கிட்டாரும் அதன் வயிற்றில் கழன்ற ஒயரும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டம்ளர் டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

நம் நீலகிரியில் நாம் கையில் வைத்திருக்கும் எந்தப் பொருளும் குலுங்காமல் மேலே வந்ததில்லை. ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக்குள் போனவர்கள் அதன் கனத்த மர உத்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். 1829-ல் அடிக்கல் நாட்டி, 1830-ல் பிரதிஷ்டை செய்த கோயில் அது. அந்த மரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால் பாக் அரண்மனையைப் பிரித்து எடுத்தவை. ரயிலும் இல்லை, லாரியும் இல்லை. பிறகு 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் பல்சக்கர ரயில் வந்தது. 326 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு 2,203 மீட்டர் உயரத்தில் போய் நிற்கிறது. 46 கிலோமீட்டரில் 208 வளைவு, 250 பாலம், 16 குகை. இன்றைக்குப் பார்சல்கள் வேனில் வருகின்றன. குன்னூர் காட் ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பெட்டிக்குள் இருப்பது பாத்திரமானாலும் கிட்டாரானாலும் இந்தக் கணக்கைக் கட்டாமல் வீடு வந்து சேராது.

கிட்டாரைச் சொல்லக் காரணம் இருக்கிறது. என்னிடம் பிளஸ் டூவில் இயற்பியல் படித்த ஒரு மாணவன் சில வாரங்களுக்கு முன் போன் செய்தான். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இங்கே வந்த குடும்பம். மாதாமாதம் சேர்த்த பணத்தில் ஆம்ப்ளிஃபயரில் செருகி வாசிக்கும் அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்றைப் பார்சலில் வாங்கியிருக்கிறான். தோட்டத்து ஆலயத்தில் கிறிஸ்துமஸ் பாடல் குழுவுக்கு வாசிக்க வேண்டும். பெட்டியைத் திறந்து எடுத்தால் உள்ளே ஏதோ உருள்கிறது. பிளக்கைச் செருகும் துளையில் ஜாக்கையே காணோம். திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்துவிட்டது. விசாரித்த இடத்தில், உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்று, கிட்டார் விலையில் பாதிக்குமேல் ஒரு தொகை சொல்லியிருக்கிறார்கள். "டீச்சர், இது போச்சா?" என்று கேட்டான்.

போகவில்லை. ஏன் போகவில்லை என்று சொல்ல வேண்டுமானால், மரப் பெட்டியான கிட்டாருக்குள் ஒயரும் பேட்டரியும் எப்படிப் புகுந்தன என்ற கதையைச் சொல்ல வேண்டும்.

கதை 1880-ல் பாரிஸில் தொடங்குகிறது. ழாக் கியூரி, பியர் கியூரி என்று அண்ணன் தம்பி இருவர், இருவரும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். பின்னாளில் மேரி கியூரியைத் திருமணம் செய்துகொண்ட அதே பியர்தான். சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றுவதை இவர்கள் கண்டுபிடித்தார்கள். குவார்ட்ஸ், டூர்மலின், ரோஷல் உப்பு ஆகியவற்றோடு கரும்புச் சர்க்கரைப் படிகமும் அவர்கள் பட்டியலில் இருந்தது. உங்கள் பாடப்புத்தகத்தில் பீசோ மின் விளைவு என்று படித்தீர்களே, அதுதான். மறந்துபோனவர்கள் சமையலறைக்குப் போய் கேஸ் லைட்டரை ஒரு தடவை அமுக்குங்கள். 'டக்' என்ற சத்தத்தோடு தெறிக்கும் பொறி, உள்ளே ஒரு சிறு கட்டி அடிவாங்கிப் பெற்ற மின்சாரம்.

முதல் உலகப் போரின்போது, 1917-ல், நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க போல் லாஞ்செவின் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி குவார்ட்ஸைக் கொண்டு நீருக்குள் ஒலி அலைகளை அனுப்பினார். பிறகு ரோஷல் உப்புப் படிகம் கிராமபோன் பிக்அப்புக்கும் மைக்குக்கும் வந்தது. ரேடியோகிராம் வைத்திருந்த வீட்டுப் பெரியவர்களுக்கு 'கிரிஸ்டல் பிக்அப்' என்ற சொல் நினைவிருக்கும். ரோஷல் உப்புக்கு ஈரம் ஆகாது. நம் மலை மாதிரி இடத்தில் அதன் ஆயுள் குறைவு. 1950-களில் ஈயம், சிர்கோனியம், டைட்டேனியம் கலந்த பீங்கான் வகை வந்தபின் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. இன்று கிட்டாருக்குள் இருப்பது பெரும்பாலும் அந்தப் பீங்கான் அல்லது மெல்லிய பிளாஸ்டிக் பட்டை.

இதற்கு முன்பே கிட்டாரை மின்சாரத்தோடு இணைத்துவிட்டார்கள். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப், அடால்ஃப் ரிக்கன்பாக்கர் ஆகியோர் காந்தமும் கம்பிச் சுருளும் வைத்து ஒரு கிட்டார் செய்தார்கள். வாணலி போன்ற உருவம் என்பதால் அதற்கு 'வாணலி' என்றே பட்டப்பெயர். காப்புரிமை 1937-ல் கிடைத்தது. அந்த முறையில் எஃகுத் தந்தி காந்தத்துக்கு மேலே அதிர வேண்டும். அங்கே கேட்பது தந்தியின் ஒலி. மரத்தின் ஒலி அதில் பெரும்பாலும் வராது. நைலான் தந்தியாக இருந்தால் ஒன்றுமே கேட்காது.

மரத்தின் ஒலியும் வேண்டும், பெரிய மண்டபத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்றால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர்களில் ஒருவர் ஹெலிகாப்டர் செய்தவர் என்றால் நம்புவீர்களா? சார்லஸ் கேமன், 1945-ல் அமெரிக்காவில் ஹெலிகாப்டர் நிறுவனம் தொடங்கியவர். நல்ல கிட்டார் வாசிப்பாளரும்கூட. ஹெலிகாப்டரில் முதல் எதிரி அதிர்வு. அதிர்வை அடக்கப் படித்த பொறியாளர்களை வைத்துக்கொண்டு, அதிர்வை வளர்க்க வேண்டிய கிட்டாரைச் செய்யத் தொடங்கினார். 1966-ல் வெளிவந்த ஓவேஷன் கிட்டாருக்கு முதுகுப் பக்கம் தட்டை மரம் கிடையாது, கிண்ணம் போன்ற கண்ணாடி இழைக் கூடு. சில ஆண்டுகளில், தந்தி வந்து உட்காரும் குதிரையின் அடியிலேயே பீசோ பிக்அப்பை வைத்து விற்றார்கள். நம் வீணைக்கும் வயலினுக்கும் குதிரை என்று எதைச் சொல்கிறோமோ, அதே இடம்தான்.

நம் பக்கத்திலும் இதே கேள்வி எழுந்தது. சபாக்களில் மைக் வந்தபின் வாய்ப்பாட்டுக்கும் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் கவலை தீர்ந்தது. வீணைக்குத் தீரவில்லை. அதன் நுணுக்கமெல்லாம் ஒரு மீட்டுக்குப் பிறகு தேய்ந்துபோகும் ஒலியில் இருக்கிறது. ஒரு கமகம் முடிவதற்குள் பக்கத்து இருமல் அதை விழுங்கிவிடும். ஈமனி சங்கர சாஸ்திரி (1922–1987) வீணையின் உடம்போடு ஒட்டும் காண்டாக்ட் மைக்கைத் துணிந்து பயன்படுத்தினார். அவருடைய சீடர் சிட்டிபாபு (1936–1996) அதே வழியில் போய் வீணையைப் பெரிய கூட்டங்களுக்குக் கொண்டுசென்றார். நாதம் கெட்டுப்போகிறது என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, ஒட்டும் இடம் அரை அங்குலம் மாறினால் தொனி மாறும். ஆனால் கேட்காத நாதத்தை என்னவென்று புகழ்வது? 1980-களில் உ. ஸ்ரீநிவாஸ் என்ற சிறுவன் மின்சார மாண்டலினைத் தூக்கிக்கொண்டு சென்னை சபாக்களில் ஏறியபோது ரசிகர்கள் ஏற்றுக்கொண்டதற்கு, இந்த வீணைக்காரர்கள் முன்பே பழக்கிவைத்த காதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பெங்களூரில் இன்னொரு விமானக்காரரும் உண்டு. எச்.ஏ.எல். நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979 வாக்கில் மின்னணு சுருதிப் பெட்டியைச் செய்தார். பின்னாளில் எலெக்ட்ரானிக் வீணையும் செய்தார். ஹெலிகாப்டர்க்காரர் கிட்டாருக்கு வந்ததும் விமானக்காரர் சுருதிப் பெட்டிக்கு வந்ததும் எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. ஆடுகிற பொருளைப் பற்றி இரவும் பகலும் யோசிப்பவர்கள் அவர்கள்.

சரி, கிட்டாருக்குள் பெட்டி ஏன்? பீசோ துண்டு தரும் மின்னழுத்தம் இருக்கும், ஆனால் அதற்குத் தள்ளும் சக்தி மிகக் குறைவு. நீளமான கேபிளில் அனுப்பினால் வழியிலேயே ஒலி மெலிந்து, தகர டப்பாவைத் தட்டியதுபோல ஆகிவிடும். அதனால் பக்கத்திலேயே ஒரு சிறு ப்ரீஆம்ப் வேண்டும். ப்ரீஆம்ப் என்றால் 9 வோல்ட் பேட்டரி வேண்டும். பேட்டரி வீணாகாமல் இருக்க, பிளக்கைச் செருகினால் மட்டும் இணைப்பு ஏற்படும் ஜாக் வேண்டும். (வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.) ஆக, தந்தியும் மரமும் மட்டும் இருந்த இடத்தில் நான்கு புதிய குடித்தனங்கள் வந்துவிட்டன: குதிரைக்கு அடியில் பிக்அப், விலாவில் ப்ரீஆம்ப், ஒரு பேட்டரி, வால் பக்கம் ஜாக். இவற்றை இணைக்க ஒயர்கள். எல்லாவற்றையும் பிடித்திருப்பது சில திருகாணிகளும் ஒரு நட்டும்தான்.

அந்த நட்டு ஏன் கழல்கிறது? 1969-ல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் இதை விளக்கினார். போல்ட்டின் நீளவாக்கில் இழுப்பதைவிட, குறுக்குவாக்கில் ஆட்டுவதுதான் நட்டைச் சீக்கிரம் கழற்றும். குறுக்காக ஒவ்வொரு தடவை வழுக்கும்போதும் மரைக்கு இடையிலுள்ள உராய்வுப் பிடி ஒரு கணம் விடுபடுகிறது, நட்டு துளித்துளியாகத் திரும்புகிறது. இப்போது காட் ரோட்டில் இடமும் வலமுமாகச் சாயும் வேனை நினைத்துப் பாருங்கள். அதோடு ஏறத்தாழ 45 கிராம் எடையுள்ள பேட்டரி தன் கூட்டை விட்டு வெளியேறினால், அது பெட்டிக்குள் ஒரு சிறு சுத்தியல்.

மாணவனின் கிட்டாரில் நடந்தது இதுதான். ஜாக்கின் நட்டு முழுக்கக் கழன்று, ஜாக் உள்ளே விழுந்திருந்தது. பேட்டரி ஒயரோடு தொங்கிக்கொண்டிருந்தது. வீடியோ காலில் அவனும் நானும் சேர்ந்து செய்ததை அப்படியே எழுதுகிறேன், உங்களில் யாருக்காவது உதவும்.

முதலில் தந்திகளைத் தளர்த்தச் சொன்னேன். தந்தி முறுக்காக இருக்கும்போது ஒலித்துளைக்குள் கை போகாது, போனாலும் காயம். அடுத்து பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்தான். பிறகு செல்போனில் டார்ச்சைப் போட்டு, கேமராவை ஒலித்துளைக்குள் காட்டிப் படம் எடுத்தான். எந்த ஒயர் எங்கே போகிறது என்ற அந்தப் படம் முக்கியம், பிரித்தபின் நினைவை நம்பக் கூடாது. ஒயர்களில் எதுவும் அறுபடவில்லை, பற்றவைத்த இடங்களும் லேசாக இழுத்தபோது அசையவில்லை. பாதி நிம்மதி அப்போதே வந்தது.

விழுந்த ஜாக்கைத் துளைக்குத் திரும்பக் கொண்டுவருவதுதான் எல்லாரும் தோற்கும் இடம். கை அவ்வளவு தூரம் எட்டாது. இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. பென்சிலைவிடச் சற்று மெலிந்த மூங்கில் குச்சியை வெளியிலிருந்து அந்த வால் துளை வழியே உள்ளே விட்டு, ஒலித்துளை வரை கொண்டுவர வேண்டும். ஜாக்கின் வாயை அந்தக் குச்சியில் மாட்டி, குச்சியை மெல்லப் பின்னுக்கு இழுத்தால் ஜாக் பாலத்தில் நடப்பதுபோல நடந்து தன் துளைக்கே வந்துவிடும். மூக்கு வெளியே தெரிந்ததும் வாஷரையும் நட்டையும் போட்டுவிடலாம்.

முறுக்கும்போது ஜாக் கூடவே சுற்றக் கூடாது. சுற்றினால் உள்ளே ஒயர் முறுக்கிக்கொண்டு அறுந்துபோகும். குழாய் வடிவ ஜாக்கின் ஓரத்தில் பெரும்பாலும் ஒரு சிறு துளை இருக்கும். அதில் மெல்லிய ஆணியை விட்டுப் பிடித்துக்கொண்டு நட்டை ஸ்பேனரால் இறுக்க வேண்டும். கை இறுக்கம் போதாது, பலசாலி இறுக்கமும் வேண்டாம், மரம் பிளந்துவிடும். உள்பக்கம் பல் வாஷர் இருந்தால் அதை மறக்காமல் போட வேண்டும்.

ப்ரீஆம்பின் நான்கு திருகாணிகளில் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை. விலாப்பலகை மெல்லியது, மரை தேய்ந்துவிட்டது. மரப்பசை தொட்ட பல்குத்தும் குச்சியைத் துளையில் விட்டு, உடைத்து, ஒரு ராத்திரி காயவிட்டு, மறுநாள் திருகாணியைப் போட்டான். பிடித்துக்கொண்டது. தொங்கும் ஒயர்களைச் சுவரோடு ஒட்டும் சிறு கிளிப்பில் மாட்டினான். இல்லாவிட்டால் வாசிக்கும்போது ஒயர் மரத்தைத் தட்டி 'ஜிர்' என்று கேட்கும், நாம் தந்தியைச் சந்தேகப்படுவோம். பேட்டரியைச் சுற்றி ஒரு துண்டு ஸ்பாஞ்ச்.

கடைசியில் ஆறு தந்தியையும் ஏற்றி ஆம்ப்ளிஃபயரில் செருகினால் ஐந்து தந்தி நன்றாகக் கேட்கிறது, ஆறாவது மட்டும் சன்னமாக. குதிரையின் மேல் உட்காரும் எலும்புப் பட்டி பயணத்தில் லேசாக எழும்பி, பிக்அப்பின் மேல் ஒரு பக்கம் அழுத்தாமல் இருந்தது. பீசோ என்ற சொல்லுக்கே கிரேக்கத்தில் அழுத்துதல் என்று பொருள். அழுத்தம் இல்லாத இடத்தில் மின்சாரம் இல்லை. மறுபடி தந்தியைத் தளர்த்தி, பட்டியை எடுத்து, பள்ளத்தில் இருந்த மரத்தூளைத் துடைத்து, சமமாக உட்கார வைத்தான். ஆறும் கேட்டது. மொத்தச் செலவு மரப்பசைக்கும் புதுப் பேட்டரிக்கும் மட்டும்.

ஒயர் அறுந்திருந்தால் பற்றவைப்புக் கோல் வேண்டியிருக்கும். 25 வாட் போதும். மரத்துக்கும் அதற்கும் நடுவே ஓர் அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். பிக்அப்பிலிருந்து வரும் மெல்லிய ஒயரே அறுந்துபோனால் மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள், அது சூடு தாங்காது.

இசைக்கருவியைப் பழுதுபார்க்கும் கை இந்த மலைக்குப் புதியதல்ல. நம் கோத்தர் மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லுவேலை, தச்சுவேலை, மண்பாண்டம், இசை எல்லாம் அவர்களுடையது. தோடருக்கும் படகருக்கும் கத்தியும் மண்வெட்டியும் செய்து கொடுத்தவர்களே அவர்களுடைய சடங்குகளுக்கு வாசித்தும் வந்தார்கள். 'கொள்' என்ற நாயனமும், கொம்பும், பறைகளும் அவர்களுடையவை. பனியில் தோல் தளர்ந்தால் நெருப்பின் அருகே காட்டி முறுக்கேற்றிக்கொள்வார்கள். ரிச்சர்டு உல்ஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் அவர்களுடைய இசையைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். சமவெளியில் வீணைக்காரர்களும் அப்படித்தான். வீணையின் 24 மெட்டுகளும் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த கலவையில் உட்கார்ந்திருக்கின்றன. வெயிலில் இளகும், பயணத்தில் நகரும். மெழுகை உருக்கி மறுபடி மேளம் கட்டுவது வீணையோடு பிறந்த வேலை. கருவி என்றால் கழலும், கழன்றால் கட்ட வேண்டும் என்பதை அவர்கள் குறையாக நினைத்ததில்லை.

நம் தலைமுறையிலும் அந்தக் கை இருந்தது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, கேத்தி ஊசித் தொழிற்சாலை, இந்துநகர் ஃபிலிம் தொழிற்சாலை மூன்றிலும் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். அந்த வீடுகளில் ரேடியோ கெட்டால் மேசைமேல் பிரிக்கப்படும். 1960-ல் தொடங்கிய ஃபிலிம் தொழிற்சாலை இன்று இல்லை. அங்கே பழகிய விரல்களுக்கும் வயதாகிவிட்டது. அடுத்த வீட்டுக்காரர் திருகாணி முடுக்கிக் கொடுத்த வேலைக்கு, இன்று 'முழுசா மாத்தணும்' என்ற பதில் வருகிறது. அந்தப் பதிலை நம்பும்போது ஓர் ஏழைப் பிள்ளைக்குப் பல மாதச் சேமிப்பு போகிறது. எனக்குக் கவலை அதுதான்.

கடைசியாக, பார்சலில் கருவி வாங்குபவர்களுக்கும் வெளியூருக்கு அனுப்புபவர்களுக்கும் சில வார்த்தைகள். அனுப்புமுன் பேட்டரியைக் கழற்றித் தனியே சுற்றி வையுங்கள். தந்தியை ஓரளவு தளர்த்துங்கள். கழுத்துக்கும் தலைக்கும் அடியில் துணி அண்டை கொடுங்கள். மேலே வந்து சேர்ந்த பெட்டியை உடனே திறக்காதீர்கள். மேட்டுப்பாளையத்து வெக்கையிலிருந்து குன்னூர்க் குளிருக்கு வந்த மரம் சில மணி நேரம் பெட்டிக்குள்ளேயே ஆறட்டும், முக்கியமாக வடகிழக்குப் பருவமழை மாதங்களில். திறக்கும்போது வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். திறந்ததும் தந்தியை மீட்டுவதற்கு முன், கிட்டாரை மெல்லச் சாய்த்து ஏதாவது உருள்கிறதா என்று காது கொடுங்கள். ஜாக்கின் நட்டை விரலால் தொட்டுப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதை மறுபடி தொட்டுப் பார்ப்பதும் நல்லது.

உங்கள் பிள்ளைகளுக்கு ஸ்க்ரூ டிரைவர் செட் ஒன்று வாங்கிக் கொடுங்கள். எதையாவது பிரித்தால் திட்டாதீர்கள், பிரிக்கும் முன் படம் எடுக்க மட்டும் சொல்லிக்கொடுங்கள். இது மாதிரி நீங்கள் வீட்டிலேயே சரிசெய்த பொருள் ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள், எல்லாருக்கும் பயன்படும்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் டீச்சர்